ஜப்பானுக்குப் போன சரஸ்வதி

ஜப்பானின் நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலுக்குரிய 8ஆம் நூற்றாண்டுச் சுதைச் சிற்பம் ஒன்றை நம்மவரிடம் காட்டினால், அது சரஸ்வதி என்று எவரும் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். அந்தத் தேவிக்கு எட்டுக் கைகள். வீணையும் இல்லை, ஏடும் இல்லை. பொன்னொளிச் சூத்திரம் என்னும் பௌத்த நூலை 703ஆம் ஆண்டில் சீனத்தில் மொழிபெயர்த்த துறவி யீஜிங், வில், அம்பு, வாள், வேல் முதலியவற்றை ஏந்தி நாட்டைக் காப்பவளாகவே அவளைக் காட்டினார். 741இல் பேரரசர் ஷோமு மாகாணந்தோறும் கோயில் எழுப்பி இச்சூத்திரத்தை ஓதுமாறு ஆணையிட்டதால், ஜப்பான் முதலில் அறிந்தது இந்தக் காவல் தெய்வத்தைத்தான். அங்கே அவள் பெயர் பென்சாய்தென்.

ஒரு தெய்வம் ஊர்விட்டு ஊர் போகும்போது இப்படி உருமாறுவதற்குக் காரணம், நம்பிக்கை ஒருவர் மனத்திலிருந்து மற்றவர் மனத்துக்கு அப்படியே பிரதியெடுக்கப்படுவதில்லை என்பதே. கேட்பவர் தமக்குக் கிடைத்த துண்டுகளைக் கொண்டு, தாம் முன்பே அறிந்தவற்றால் இடைவெளியை நிரப்பி, அதனைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறார். பிரிட்டிஷ் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட சோதனைகளில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றைப் படித்தவர்கள் அதைத் திரும்பச் சொன்னபோது, விளங்காத பகுதிகள் உதிர்ந்தன; அயலான பொருள்களின் இடத்தில் பழகிய பொருள்கள் வந்து அமர்ந்தன.

பென்சாய்தெனுக்கும் இதுவே நேர்ந்தது. ரிக் வேதத்தின் நதித் தெய்வமான அவளிடம் நீர்த் தொடர்பு ஒட்டியிருந்தது. ஜப்பானியர்க்கு நீர் என்றால் பாம்பு. எனவே, கிழவரின் தலையும் பாம்பின் உடலும் கொண்ட உகாஜின் என்னும் உள்ளூர்த் தெய்வம் அவள் முடிமேல் சுருண்டு அமர்ந்தது. உகாஜின் விளைச்சலுக்கும் வளத்துக்கும் உரியது ஆதலால், அவளும் செல்வம் தருபவள் ஆனாள். நம் கண்ணுக்கு அவள் லட்சுமியின் வேலையையும் சேர்த்துப் பார்ப்பதாகத் தோன்றும். பிவா என்னும் நரம்புக் கருவியை மீட்டும் இரு கை வடிவமும் உண்டு; காமாகுரா நகரில் 1266ஆம் ஆண்டைச் சேர்ந்த அத்தகைய சிலை இருக்கிறது.

வடிவம் மாறுவது ஒருபுறம். அடுத்த தலைமுறை அதை ஏற்பது வேறு. பெற்றோர் சொல்வதனால் மட்டும் குழந்தைக்கு நம்பிக்கை பிறப்பதில்லை. சொல்பவர் தமக்குச் சிரமமோ இழப்போ வரினும் செய்து காட்டும் செயலே நம்பிக்கையை ஊன்றுகிறது என்று மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2009இல் வாதிட்டார். படி படி என்று நாள்தோறும் விரட்டும் தாய், சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைத்து, அவற்றைத் தொடக் கூடாது என்று தடுக்கும்போது, குழந்தை கற்றுக்கொள்வது எந்தப் புராணத்தாலும் வராது. காமாகுராவில் பென்சாய்தெனுக்குரிய செனியாராய் பென்தென் குகையிலோ, பெரியவர்கள் நாணயங்களையும் நோட்டுகளையும் சிறு கூடையிலிட்டு ஊற்றுநீரை மொண்டு ஊற்றிக் கழுவுகிறார்கள். கழுவிய பணம் பெருகும் என்பது நம்பிக்கை. உடன் வரும் பிள்ளைகளுக்குச் சூத்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1868இல் பேரரசர் மெய்ஜியின் அரசு, ஜப்பானின் பழஞ்சமயமான ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டது. எனோஷிமா தீவில் பென்சாய்தென் வழிபடப்பட்ட இடம் ஷிந்தோ தேவியர்க்கு உரியதாயிற்று. ஆனால் அவளுடைய எட்டுக் கைச் சிலையும் பிவாச் சிலையும் அதே தீவில்தான் இருக்கின்றன. அவளை வணங்குவோர் இன்றும் அங்கே வருகிறார்கள்.