97 கிலோவாட்டும் மூன்று எஞ்சின்களும்

நடுத்தர அளவுச் செடான் காரின் புதிய தலைமுறை அறிவிக்கப்படும்போது, பெட்ரோலில் ஓடும் வகைக்கு இன்று பெரும்பாலும் இரண்டே வழிகள்தாம் மிஞ்சுகின்றன: சிறிய டர்போ எஞ்சின், அல்லது மின்மோட்டாரின் துணையோடு இயங்கும் ஹைபிரிட். நெடுங்காலம் 3.5 லிட்டர் வி6 எஞ்சினோடும் விற்கப்பட்டுவந்த டொயோட்டா கேம்ரி, அமெரிக்காவில் 2025 மாடலிலிருந்து 2.5 லிட்டர் ஹைபிரிட்டாக மட்டுமே கிடைக்கிறது. ஹோண்டா அக்கார்டு அங்கே 1.5 லிட்டர் டர்போ, 2 லிட்டர் ஹைபிரிட் ஆகிய இரண்டோடு நின்றுவிட்டது.

சிங்கப்பூரில் கார் வாங்குபவர் இதற்கு மேல் இன்னொரு கணக்கும் போட வேண்டும். கார் வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழின் ‘ஏ’ பிரிவில் ஒரு பெட்ரோல் கார் இடம்பெற, எஞ்சின் 1,600 சிசிக்கு மிகாமலும் உச்சத் திறன் 97 கிலோவாட்டுக்கு, அதாவது 130 குதிரைத்திறனுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். திறன் வரம்பு 2014 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முன்பு சிசி அளவு மட்டுமே பார்க்கப்பட்டதால், டர்போ பொருத்திய சொகுசுக் கார்களும் சாதாரணக் குடும்பக் கார்களோடு ஒரே ஏலத்தில் போட்டியிட்டன. இப்போது வெளிநாட்டில் கூடுதல் திறனோடு விற்கும் அதே எஞ்சினை, கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றி, எல்லைக்குள் அடக்கி இங்கே விற்பதும் உண்டு.

ஆனால் உச்சத் திறன் என்ற ஒற்றை எண், கார் எப்படி ஓடும் என்பதை முழுதாகச் சொல்வதில்லை. திறன் என்பது முறுக்குவிசையையும், அதாவது அச்சைத் திருப்பும் வலுவையும், சுழல்வேகத்தையும் பெருக்கக் கிடைப்பது. டர்போ இல்லாத 1.6 லிட்டர் எஞ்சின் 97 கிலோவாட்டைத் தொட நிமிடத்துக்கு 6,000 சுற்றுவரை போக வேண்டியிருக்கும். தீவு விரைவுச்சாலையில் காலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருப்பவர் அந்த வேகத்துக்கு எஞ்சினைக் கொண்டுபோவதே இல்லை. அவருக்கு வேண்டியது 1,700 சுற்றில் என்ன கிடைக்கும் என்பதுதான். அங்கே டர்போ இல்லாத எஞ்சின் 130 நியூட்டன் மீட்டர் தருவதாக வைத்துக்கொண்டால் திறன் 23 கிலோவாட். அதே சுற்றில் டர்போ எஞ்சின் 180 நியூட்டன் மீட்டர் தந்தால் 32 கிலோவாட். விளம்பரத் தாளில் இரண்டுக்கும் 97 என்றே அச்சாகியிருக்கும்.

டர்போவுக்கு இந்த வலு புகைப்போக்கி வழியே வீணாகும் வாயுவிலிருந்து வருகிறது. வெளியேறும் சூடான வாயு ஒரு சுழலியை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழற்ற, அதே அச்சில் உள்ள அமுக்கி கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் கூடுகிறது. நம் வெப்பத்தில் இதற்கு ஒரு தனி அனுகூலம் இருக்கிறது. 32 பாகை செல்சியஸ் காற்று, 15 பாகைக் காற்றைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது நேரடி இழப்பு. டர்போவோ சற்றுக் கூடுதலாக அமுக்கி ஈடுகட்டிவிடும். ஆயினும் அமுக்கப்பட்ட காற்று சூடேறி, பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்கும் அபாயம் உண்டாவதால், குளிர்விப்பானும் தாமதமான தீப்பொறியும் தேவைப்படுகின்றன. அழுத்தி ஓட்டினால் சிக்கனம் சட்டென்று கரைவது இதனால்தான்.

ஹைபிரிட்டின் அறிவியல் இதைவிடச் சுவையானது. சாதாரண பெட்ரோல் எஞ்சினின் பெருங்குறை, அது மெதுவாக வேலை செய்யும்போது வெளிப்படுகிறது. ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்தால் காற்று வரும் பாதை ஏறக்குறைய மூடியிருக்கும். துணியால் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சை இழுப்பதுபோல, பிஸ்டன் அந்த அடைப்பை எதிர்த்துக் காற்றை இழுப்பதிலேயே ஆற்றலைச் செலவிடுகிறது. 1880களில் ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த சுழற்சி, வெடித்த வாயு விரியும் தூரத்தை, அது அமுக்கப்படும் தூரத்தைவிட நீளமாக்கியது. இன்றைய எஞ்சின்கள் அவருடைய சிக்கலான நெம்புகோல்களை விட்டுவிட்டு, காற்றை உள்ளே விடும் வால்வைத் தாமதமாக மூடியே அதைச் சாதிக்கின்றன: உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்ப வெளியே போவதால் காற்றுப் பாதையை அவ்வளவு மூட வேண்டியதில்லை, அமுக்கம் குறைகிறது, விரிவு முழுமையாக நடக்கிறது. இதற்கு விலை, குறைந்த சுற்றில் வலு போதாமை. அந்தப் பள்ளத்தை மின்மோட்டார் நிரப்புவதால்தான் ஹைபிரிட் எஞ்சின்கள் பெட்ரோலின் ஆற்றலில் 40 விழுக்காடுவரை வேலையாக மாற்ற முடிகிறது.

அடுத்தது பிரேக். 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 208 கிலோஜூல். சாதாரண எஞ்சின் நகர ஓட்டத்தில் நான்கில் ஒரு பங்கு ஆற்றலையே பயன்படுத்துகிறது எனக் கொண்டால், அந்த வேகத்தை எட்ட 25 மில்லிலிட்டர் பெட்ரோல் எரிந்திருக்கும். அடுத்த சிவப்பு விளக்கில் அந்த இயக்க ஆற்றல் அத்தனையும் பிரேக் தட்டில் வெப்பமாகிப் போகும். ஹைபிரிட்டில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி அதில் கணிசமான பங்கைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. சிராங்கூன் சாலை போன்ற, சில நூறு மீட்டருக்கொரு சமிக்ஞை உள்ள இடங்களில் இதன் பலன் கூடுகிறது.

ஹைபிரிட்டை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அமைக்கிறது. டொயோட்டா, எஞ்சினையும் இரு மோட்டார்களையும் ஒரு கோள்முறைப் பற்சக்கரத் தொகுதியால், அதாவது நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் ஓடும் அமைப்பால், பிணைக்கிறது. ஹோண்டாவில் பெரும்பாலும் எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும், மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். நிசானின் இ-பவரில் எஞ்சின் சக்கரத்தைத் தொடுவதே இல்லை.

இங்கே விற்பனையாளர்கள் ஏனோ அழுத்திச் சொல்லாத விஷயம் குளிரூட்டி. சாதாரணக் காரில் அதன் அமுக்கியை எஞ்சினின் பெல்ட் சுழற்றுவதால், சமிக்ஞையில் எஞ்சின் தானாக அணைந்தாலும் உள்ளே புழுங்கத் தொடங்கியதும் மறுபடி கிளம்பிவிடும். ஹைபிரிட்டில் அமுக்கி மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சின் ஓய்ந்திருக்கும்போதும் குளிர் தொடரும். ஆண்டு முழுவதும் குளிரூட்டி போட்டே ஓட்டும் ஊரில் இதைச் சிறு வசதி என்று ஒதுக்க முடியாது.

மின்கார்களுக்கு ‘ஏ’ பிரிவின் வரம்பு 2022 மே முதல் 110 கிலோவாட். டெஸ்லா மாடல் 3க்கே அந்த எல்லைக்கு அடங்கிய வகை இங்கே விற்பனைக்கு வந்தது. நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தரும் மோட்டாருக்கு அந்த எண் நகரத்தில் பெரிய தளையாகத் தெரியாது.

விடுமுறைதோறும் கோலாலம்பூர் போகும் குடும்பங்களுக்குக் கணக்கு சற்று மாறும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் பிரேக்கைத் தொடாமல் போகும்போது மீட்டெடுக்க ஆற்றல் இல்லை. அங்கே ஹைபிரிட்டின் மிச்சம் அட்கின்சன் சுழற்சியிலிருந்து மட்டுமே வருகிறது, டர்போவுடனான இடைவெளி சுருங்கிவிடுகிறது. எப்படியும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடக்க முக்கால் டேங்க் பெட்ரோல் இருந்தாக வேண்டும் என்பதால், எந்த எஞ்சினானாலும் புறப்படும் முன்பு இங்கேயே பெட்ரோல் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.