'ட்ரங்கேட்': சுருக்கு அல்ல, கடைக்குறை

ஒரு செயலியின் அமைப்புகளில் 'நீளமான உரையைச் சுருக்கு' என்று இருந்தது. கட்டுரையின் சாரத்தை நாலு வரியில் தரும் என்று நம்பி அழுத்தினேன். பின்பாதி காணாமல் போய் மூன்று புள்ளிகள்தான் வந்து நின்றன. ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'ட்ரங்கேட்' (truncate). அதை இப்படிப் பெயர்ப்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

வேர் லத்தீன். 'ட்ருங்காரே' என்றால் வெட்டிக் குறைத்தல். கிளை கழித்த அடிமரம் 'ட்ருங்குஸ்'. கழித்தது போனதுதான்.

சுருக்குவதில் முழுமை போவதில்லை. குடையைச் சுருக்கினால் கம்பியும் துணியும் அப்படியே இருக்கும், விரித்துக்கொள்ளலாம். கதைச்சுருக்கத்தில் முடிவும் உண்டு. கோப்பை ஸிப் ஆக்குவது, சாரம் எடுப்பது, பெயரை முதலெழுத்துகளால் குறிப்பது எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே 'சுருக்கு' என்றே எழுதுகிறோம். வாலை வெட்டுவதையும் அதன் தலையில் கட்டினால், நிரல் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? தரவு அழியுமா அழியாதா என்பது அவருக்குச் சின்ன வித்தியாசம் இல்லை. 'துண்டி' என்பவர்களும் உண்டு. அது மின் இணைப்புக்கும் தொலைபேசிக்கும் போய்விட்ட சொல்; தலைப்பைத் துண்டித்தால் இரண்டு துண்டும் எங்கே என்று கேட்கத் தோன்றும்.

புதிதாக எதையும் உருட்ட வேண்டாம். 'ஒருமொழி மூவழிக் குறைதலும் அனைத்தே' என்கிறது நன்னூல். தாமரை 'மரை' ஆனால் முதற்குறை, ஓந்தி 'ஓதி' ஆனால் இடைக்குறை, நீலம் 'நீல்' ஆனால் கடைக்குறை. பள்ளியில் படித்ததுதான். ஆண்ட்ராய்டில் நீண்ட உரையை எங்கே வெட்டுவது என்று சொல்ல ஸ்டார்ட், மிடில், எண்ட் என்று மூன்று இடங்கள் உண்டு. முதல், இடை, கடை! மேக்கில் நீளமான கோப்புப் பெயரின் நடுவே புள்ளி வைத்து, கடைசியில் கோப்பு வகையைக் காட்டுகிறார்களே, அது அச்சு அசல் இடைக்குறை. செய்யுளுக்காகச் சொல்லின் வடிவை மாற்றும் இந்தச் செய்யுள் விகாரத்தைக் கணினிக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பார்கள். இரண்டிலும் வடிவம் குறைகிறது, சுட்டும் பொருள் மாறவில்லை. அப்புறம் என்ன தடை?

இன்னொரு லாபமும் உண்டு. இலக்கணத்தில் குறைவது எழுத்து. நம் நிரல்களோ பெரும்பாலும் யூனிகோடு குறியெண்ணை, அதாவது எழுத்துக்கும் அதன்மேல் வரும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனியாகத் தந்த எண்ணை, எண்ணி வெட்டுகின்றன. 'தமிழ்' மூன்று எழுத்து, ஆனால் ஐந்து குறியெண். நான்கோடு வெட்டினால் புள்ளி போய் 'தமிழ' என்று நிற்கும். 'மொழி'யை ஒன்றோடு வெட்டினால் 'மொ' வராது, 'ம' வரும். ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தாகப் பிரிக்க இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற கருவி இருக்கிறது, பயன்படுத்தினால் போதும்.

பொத்தானில் எழுத வினை வேண்டுமென்றால் 'கடைக்குறையாக்கு'. நீளம் என்பீர்கள். சரி, 'கடை வெட்டு' என்றாவது எழுதுங்கள், 'சுருக்கு' மட்டும் வேண்டாம்.