போலியோ வைரஸின் வம்சாவளி

ஒரு நாட்டில் இரண்டு ஆண்டுகளாக ஒரு குழந்தைக்குக்கூடப் போலியோ வரவில்லை. சரி, வைரஸ் ஒழிந்துவிட்டதா? அவசரப்பட வேண்டாம். தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கைகால் முடங்கும். மற்றவர்கள் குடலில் அது சத்தமில்லாமல் பெருகி, மலத்தோடு வெளியேறி, அடுத்தவரிடம் போய்விடும்.

ஆனால் போகிற வழியெல்லாம் அதன் மரபணுவில் பிழைகள் சேர்கின்றன. போலியோ வைரஸின் ஆர்.என்.ஏ. சுமார் 7,500 எழுத்து நீளம். அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. குறிப்பாக, மேலுறைப் புரதமான விபி1-க்குரிய சுமார் 900 எழுத்துகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம், அதாவது ஒன்பது எழுத்துகள் மாறுகின்றன. பெரும்பாலானவை புரதத்தைப் பாதிக்காததால் அப்படியே தங்கிவிடும்.

திடீரென்று கைகால் தளர்ந்த குழந்தையிடம் 14 நாட்களுக்குள் இரண்டு மல மாதிரிகள் எடுத்து, குளிர் கெடாமல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கிடைக்கும் வைரஸின் விபி1 வரிசையைப் பழைய வைரஸ்களோடு ஒப்பிடுவார்கள். ஒரே சமயத்தில் எடுத்த இரண்டு வைரஸ்களுக்கிடையே 18 எழுத்து வித்தியாசம் என்றால், ஆளுக்கு ஒன்பது. பொது மூதாதை சுமார் ஓராண்டுக்கு முன்பு இருந்திருக்கிறது. இரண்டு ஆண்டு என்று கணக்குப் போடுவது எளிதில் நேரும் தவறு.

நெருங்கிய உறவே அகப்படாமல், 1.5 சதவீதத்துக்கு மேல் விலகி நிற்கும் வைரஸ் வந்தால்தான் கண்காணிப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதற்கு 'அனாதை வைரஸ்' என்று பெயர். பெற்றோர் இல்லாமல் இல்லை. நாம்தான் அவர்களைப் பார்க்கத் தவறியிருக்கிறோம்.

நைஜீரியாவில் அப்படித்தான் ஆனது. 2014-க்குப் பிறகு அங்கே காட்டுவகைப் போலியோ, அதாவது இயற்கையில் பரவும் வகை, தென்படவில்லை. 2015-இல் போலியோ நிலைத்திருக்கும் நாடுகளின் பட்டியலிலிருந்தே பெயர் எடுக்கப்பட்டது. 2016-இல் போர்னோ மாநிலத்தில் மீண்டும் நோய். வெளியிலிருந்து வந்ததோ என்றால் இல்லை. அதன் நெருங்கிய உறவு 2011-இல் அதே போர்னோவில் கண்ட வைரஸ். ஆயுத மோதலால் சுகாதாரப் பணியாளர்கள் நுழைய முடியாத ஊர்களில் ஐந்து ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் சுற்றியிருக்கிறது.

அந்தக் கிளையும் அற்று, தீவிரக் கண்காணிப்பிலும் எதுவும் சிக்காத பிறகு, 2020 ஆகஸ்டில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிராந்தியத்துக்குக் காட்டுவகைப் போலியோ ஒழிந்தது என்ற சான்று கிடைத்தது. அப்புறம் 2022 பிப்ரவரியில் ஆப்பிரிக்க நாடான மலாவியில் ஒரு குழந்தைக்குப் போலியோ என்று அறிவிப்பு. சான்று பறிபோகவில்லை. ஏனென்றால் அது வெளியிலிருந்து வந்தது; அந்த வைரஸின் நெருங்கிய உறவுகள் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இருந்தன.