ஆசனவாய் கேன்சர்: கீமோ ரேடியேஷன் முடிஞ்சதும் அவசரப்படாதீங்க

கீமோவும் ரேடியேஷனும் முடிஞ்சு ஒன்றரை மாசம் ஆயிருக்கும், செக்கப்புல விரல் விட்டுப் பாத்தா இன்னும் கொஞ்சம் கட்டி தட்டுப்படும், அவ்ளோதான், கூட வந்தவங்க எல்லாம் ட்ரீட்மெண்ட் வேலை செய்யலன்னு முடிவே பண்ணிடுவாங்க. "ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமே டாக்டர்?" கட்டி சுருங்கிட்டே வருதுன்னா கை வைக்காம இருக்கலாம்னுதான் சொல்லுவேன்.

சும்மா ஆறுதலுக்கு சொல்றதில்ல. பிரிட்டன்ல 940 பேர வச்சு ஆக்ட் 2னு ஒரு ட்ரையல் நடந்துச்சு. ட்ரீட்மெண்ட் ஆரம்பிச்சு 11வது வாரம் பாத்தப்போ 52 சதவீதம் பேருக்குத்தான் கட்டி முழுசா போயிருந்துச்சு, அதே ஆளுங்கள 26வது வாரம் பாத்தா 78 சதவீதம். நடுவுல பாதி பேருக்கு கூடுதலா கீமோ குடுத்தாங்க, ஆனா அதனால பெரிய வித்தியாசம் எதுவும் வரல. ரேடியேஷன்ல அடிபட்ட செல்லு உடனே சாகாது, ரெண்டா பிரிய முயற்சி பண்ணும்போதுதான் சாகும், அதுக்கு மாசக்கணக்குல ஆகும். அதுக்குள்ள சதை எடுத்து டெஸ்ட் பண்ணா சாகப்போற செல்லும் கேன்சர்னுதான் ரிப்போர்ட்ல வரும், போதாததுக்கு வெந்த இடத்துல போட்ட புண்ணு ஆறவும் ஆறாது. ஆனா கட்டி வளருதுன்னா கதை வேற, அங்க காத்திருக்கக் கூடாது.

ஒரு காலத்துல இந்த கேன்சர்னாலே ஆசனவாயையே எடுத்துட்டு வாழ்நாள் முழுக்க வயித்துல மோஷன் போற பைதான். அமெரிக்கால டெட்ராய்ட்ல நார்மன் நிக்ரோன்னு ஒரு சர்ஜன், ஆபரேஷன் ஈஸியாகட்டும்னு முன்னாடியே கீமோ ரேடியேஷன் குடுத்துப் பாத்தார். 1974ல அவர் எழுதினது வெறும் 3 பேரப் பத்தி. ரெண்டு பேருக்கு வெட்டி எடுத்த சதைல கேன்சரே இல்ல, மூணாவது ஆள் ஆபரேஷனே வேணாம்னுட்டார், அவருக்கும் கட்டி போயிருந்துச்சு! நிக்ரோ குடுத்த 5 எஃப்யூ, மைட்டோமைசின்ங்கற கீமோ மருந்து ரெண்டும்தான் இன்னைக்கும் ஸ்டாண்டர்டு.

எல்லாருக்கும் சரியாகுமான்னா, இல்ல. கட்டி 5 செ.மீ.க்கு மேல இருந்தாலோ தொடை இடுக்குல நெறி கட்டியிருந்தாலோ திரும்ப வர்ற சான்ஸ் கூடுதல், சிகரெட்ட விடாதவங்களுக்கும் ரிசல்ட் சுமார்தான். அதே எடத்துல திரும்ப வந்தா அப்போ ஆபரேஷன், அதுலயும் கணிசமான பேர் பிழைக்கறாங்க.

ட்ரீட்மெண்ட் அஞ்சு, அஞ்சரை வாரம் போகும். கடைசி ரெண்டு வாரம் நெஜமாவே கஷ்டம், தொடை இடுக்குல தோல் உரிஞ்சு, மோஷன் போனா தண்ணி பட்டாலே எரியும், துடைக்காம வெதுவெதுப்பான தண்ணில உக்காந்து ஒத்தி எடுக்கணும், வலி மாத்திரைய வலி வந்தப்புறம் போடலாம்னு தள்ளாம டயத்துக்குப் போடணும். எரிச்சல் தாங்கலன்னு நீங்களா நாலு நாள் லீவு போடாதீங்க, அந்த இடைவெளில கேன்சர் செல்லு மறுபடி பெருகும்.

முடிஞ்சப்புறம் மோஷன் வந்தா அடக்க முடியாம ஓடற பிரச்சனை சிலருக்கு இருக்கும். பொம்பளைங்களுக்கு பிறப்புறுப்பு சுருங்கி ஒட்டிக்கலாம், அதுக்கு டைலேட்டர்னு, உள்ள வச்சு மெதுவா விரிச்சு விடற குழாய் மாதிரி ஒண்ணு இருக்கு, புண்ணு ஆறினதும் ஆரம்பிச்சாதான் பலன். வெக்கப்பட்டு நிறைய பேர் கேக்கறதே இல்ல, பல டாக்டர்களும் சொல்றதில்ல, அதனால அடுத்த செக்கப்புல நீங்களே கேட்டு வாங்கிடுங்க.