நெட்ரின்னா கண்ணும் இல்ல, நேந்திரங்காயும் இல்ல

கரு வளரும்போது நரம்பிழைகளுக்கு வழி காட்டுற நெட்ரின்ங்கிற புரதத்த "நேத்திரப் புரதம்", "கண் புரதம்"னு எழுதுறத இன்னும் எத்தன தடவதான் படிக்கது மக்கா? நாகர்கோவில்ல ஒரு டியூஷன் நோட்ஸ்லயும் இதேதான் கெடக்கு. நேத்திரம்னு சொன்னா இங்க பாதிப்பேருக்கு நேந்திரங்கா சிப்ஸ்தான் ஞாபகம் வரும், அது வேற.

1994ல நரம்பியல் விஞ்ஞானி மார்க் டெசியர்-லவீன் குழு கோழிக்கரு மூளையில இருந்து பிரிச்செடுத்து வச்ச பேரு இது. மூலம் சமஸ்கிருத "நேத்ரு", வழிநடத்துறவன்னு அர்த்தம். நேதாஜில உள்ள நேதா. களியக்காவிளைக்கு அங்கால, கேரளத்துல, கட்சித் தலைவர நேதாவுன்னு சொல்லுவாவல்லா, அதேதான்.

கண்ணக் குறிக்க நேத்ரமும் அதே வேர்தானேன்னு ஒருத்தர் மல்லுக்கு நின்னாரு. வேர் ஒண்ணுதான், சரி, ஆனா பேரு வச்சவங்க எடுத்தது வழிகாட்டுற அர்த்தத்த, ஏன்னா இதோட வேல முதல்ல தெரிஞ்சதே முதுகுத்தண்டுல, கண்ணுல இல்ல. கண்ணுலயும் இதுக்கு வேல உண்டு, அதான் குழப்பமே. கரு வளரும்போது விழித்திரையில இருந்து கெளம்புற நரம்பிழைகளுக்கு, பார்வை நரம்பு தொடங்குற வட்டத்துல நின்னு "இதான் வாசல்"னு காட்டுறது நெட்ரின். அது இல்லாத சுண்டெலிக் கருவுல பல இழைங்க வெளிய வராம உள்ளயே நின்னு போவும், நரம்பு மெலிஞ்சிரும். வாசலத் தாண்டினா வேற ஆளு: ரெண்டு கண்ணோட இழைங்களும் குறுக்க வெட்டுற எடத்துல எஃப்ரின்-பி2ங்கிற இன்னொரு புரதம் கொஞ்சம் இழைய மறிச்சு அதே பக்கத்துக்குத் திருப்பி விடும், மூளையில போய் எங்க ஒட்டணும்ங்கிறதுல எஃப்ரின்-ஏ எங்க கூட, எங்க கொறச்சல்ங்கிறதுக்குப் பங்கு உண்டு. நெட்ரின் கண் புரதம்னா எஃப்ரின் யாரு, மூக்குப் புரதமா?

"ஈர்ப்புப் புரதம்"னு ஒரு கோஷ்டி எழுதுது, அதுவும் அரைகுறதான். நெட்ரின் வந்து ஒட்டுறதுக்கு இழையில இருக்க புரதந்தான் ஏற்பி; டிசிசிங்கிற ஏற்பி மட்டும் இருந்தா நெட்ரின் இழுக்கும், அன்க்5ங்கிற ஏற்பி இருந்தா அதே நெட்ரின் வெரட்டும். அகராதியில முதல் வரி பாத்துட்டு மூடி வைக்கிற மொழிபெயர்ப்பாளருக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது, தனித்தமிழ்ல எழுதுறேன்னு சொல்லிட்டு நேத்திரம்னு இன்னொரு வடசொல்லையே போடுறவன என்ன சொல்ல!

இழைகளுக்கு வழி காட்டுற வேலைக்கு நம்மகிட்ட ஆற்றுப்படுத்துதல்னு அருமையான சொல் இருக்கு, ஆறுன்னா வழி. கவுன்சிலிங்காரங்க அத எடுத்துக்கிட்டாங்க, போட்டும். நெட்ரின், எஃப்ரின், ஸ்லிட் எல்லாத்துக்கும் பொதுவா "வழிகாட்டிப் புரதம்"னு வையுங்க, நெட்ரின நெட்ரின்னே எழுதுங்க.