ஐ7 ஸ்டிக்கரைப் பார்த்து அலுவலகக் கணினி வாங்க வேண்டாம்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் "கோர் ஐ7, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 11" என்று எழுதி வைத்த கணினியைப் புதிய ஐ3 கணினியைவிட மிக மலிவாகக் கேட்டவுடன் முன்பணம் கொடுத்துவிடுகிறவர்கள் பலர். ஐ3, ஐ7 என்பவை கணினியின் மூளையான பிராசசரில் இன்டெல் நிறுவனத்தின் வகைகள்; ஐ7 உயர்ந்த வகை. அல்சூர், சிவாஜி நகர், பீன்யா வட்டாரத்துச் சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில் என்பதால், அப்படி வாங்கியவை சில மாதங்களிலேயே பழுது பார்க்க வருவதை அடிக்கடி காண்கிறேன்.

கடைக்காரர் சொன்னது பொய்யன்று. எத்தனையாவது தலைமுறை ஐ7 என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. ஐ7-4770 என்றால் நான்காம் தலைமுறை, 2013-இல் வெளிவந்தது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டிலும் கணக்கிடும் பகுதிகளான கோர்கள் நான்குதாம், ஆயினும் வேகத்தில் இந்த ஐ3-யே முந்தும். வேகத்தைவிட முக்கியமானது பாதுகாப்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் கோர் வரிசையில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையுமே அதிகாரப்பூர்வமாகத் தகுதி பெறுகின்றன. தகுதிச் சோதனையைத் தாண்டிப் பழைய கணினியிலும் அதை ஏற்றித் தருகிறார்கள், ஓடவும் ஓடும். ஆனால் பாதுகாப்பு அப்டேட்கள் தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஜிஎஸ்டி தாக்கலும் வங்கிப் பரிவர்த்தனையும் நடக்கும் கணினியில் இந்தத் துணிச்சல் தேவையற்றது.

டாலி, எக்ஸெல், பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் என்பதே வேலை என்றால், செலவழிக்க வேண்டிய இடம் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம். ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் ஒரு முனை இடம் மாறி மாறித் தகவலைத் தேட வேண்டியிருப்பதால், காலையில் கணினியைப் போட்டுவிட்டுக் காபி குடித்து முடித்தாலும் டாலி திறந்திருக்காது. 256 ஜிபி எஸ்எஸ்டி பெரும்பாலான அலுவலகங்களுக்குப் போதும். ஹார்ட் டிஸ்க்கை பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ரேம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது.

இவற்றைக் கடையிலேயே சரிபார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பிராசசரின் முழு எண்ணும், டிஸ்க் எஸ்எஸ்டியா என்பதும், ரேம் ஸ்லாட்டுகளில் எத்தனை நிரம்பியுள்ளன என்பதும் தெரியும். ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் பின்னாளில் ரேம் கூட்டுவது எளிது.

பழைய கணினியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை, எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாத வரை, குறைந்த பட்ஜெட்டுக்கு என் முதல் பரிந்துரை. ஆனால் சிறிய பெட்டி மாடல்கள் பலவற்றில் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தனி அளவில் இருக்கும். பழுதானால் மாற்று எல்லாக் கடையிலும் கிடைக்காது. புதிதாக அசெம்பிள் செய்பவர்கள், எண்ணின் முடிவில் 'எஃப்' உள்ள பிராசசரைத் தவிர்க்கவும். அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால் தனிக் கிராபிக்ஸ் கார்டு வாங்க நேரிடும்.

பில் வேண்டாமென்றால் விலையைக் குறைப்பதாகச் சொல்வார்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், தொழிலுக்கென வாங்கும் கணினியில் கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியும் என்பதால், அந்தத் தள்ளுபடி பெரும்பாலும் நஷ்டக் கணக்கே. பில்லில் சீரியல் எண்ணையும் வாரண்டிக் காலத்தையும் எழுதி வாங்குங்கள்.