மணியின் மூக்கும் லட்டுவின் வாலடியும்

பெங்களூரு காக்ஸ் டவுனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் மணி என்று ஆறு வயது நாட்டு நாய் ஒன்று இருக்கிறது, இப்போது லட்டு என்று எட்டு வாரக் குட்டி ஒன்றும் வந்திருக்கிறது. குட்டியை நன்றாகக் குளிப்பாட்டி, தூக்கிக்கொண்டு போய், "பாருடா, உன் தம்பி வந்திருக்கான்" என்று மணியின் முகத்துக்கு நேராக நீட்டியிருக்கிறார்கள். மணி உறுமிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, ராத்திரி சோறும் சாப்பிடவில்லை. மாமியார் இது திருஷ்டி என்கிறார். நாய்ப் பயிற்சி கொடுக்கும் பையன் ஒருவன், மணி தன்னை ஆல்ஃபா, அதாவது கூட்டத்தின் தலைவன், என்று நினைக்கிறது, அடக்கி வைக்கணும் என்கிறான். யார் சொல்வது சரி?

ரெண்டு பேர் சொல்வதும் தப்பு. மணிக்கு வேண்டிய தகவலை யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நாய்க்கு மோப்பம் அதிகம் என்பது தெரிந்த கதை. நம் மூக்கில் வாசனை உணரும் செல்கள் சுமார் 60 லட்சம், நாய்க்கு இனத்தைப் பொறுத்து 20 கோடி, 30 கோடி என்று போகும், இதையெல்லாம் எங்கேயாவது படித்திருப்பீர்கள், வேகமாகக் கடந்துவிடலாம். என்னைக் கட்டிப்போடும் விஷயம் அந்த மூக்குக்குள் காற்று ஓடும் விதம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி செட்டில்ஸ், பிரென்ட் கிரேவன் என்ற இரண்டு பொறியாளர்கள் (கால்நடை மருத்துவர்கள் இல்லை, காற்றோட்டத்தைப் படிக்கிற ஆட்கள்) இதில் வருஷக்கணக்காக உட்கார்ந்தார்கள். ஒரு நாயின் மூக்கை எம்ஆர்ஐ எடுத்து, உள்ளே இருக்கும் சந்துபொந்து எல்லாவற்றையும் கணினியில் கட்டி, காற்று எங்கே நுழைந்து எங்கே திரும்புகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்தக் கணக்கைப் படித்த பிறகு, தெருவில் எந்த நாய் எதை முகர்ந்தாலும் நின்று வேடிக்கை பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

நாய் முகரும்போது ஒரு நொடிக்கு சுமார் ஐந்து தடவை உள்ளே, வெளியே என்று காற்று போய் வருகிறது. உள்ளே போகும் காற்று மூக்குத் துளையின் முன்பக்கம் வழியாகப் போகிறது. வெளியே வருவதோ, மூக்கின் பக்கவாட்டில் கமா போட்டது மாதிரி ஒரு கீறல் தெரியும் பாருங்கள், அது வழியாகப் பின்னோக்கிச் சாய்வாக வருகிறது. நாம் மல்லிகைப் பூவை முகர்ந்துவிட்டு மூச்சை விட்டால் அந்த வாசனையை நாமே ஊதித் தள்ளிவிடுகிறோம், நாய் அப்படிச் செய்வதில்லை. அது விடும் மூச்சு பக்கவாட்டில் பாய்வதால், முன்னால் இருக்கும் புதுக் காற்று மூக்கை நோக்கி இழுபட்டு வருகிறது, தரையில் இருக்கும் தூசியும் கிளம்பி மேலே வருகிறது. மூச்சு விடும் வேலையே அடுத்த மோப்பத்துக்குச் சரக்கு பிடித்துக் கொடுக்கிறது.

அடுத்தது, ஒவ்வொரு துளையும் தனித்தனியாக, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு எட்டும் தூரத்திலிருந்துதான் காற்றை இழுக்கிறது. அதனால் நாய்க்கு இடது மூக்கில் ஒரு மாதிரி, வலது மூக்கில் வேறொரு மாதிரி, வாசனை எந்தப் பக்கம் கூடுதல் என்பது உடனே தெரிந்துவிடும். இதனால்தான் நாய் ஒன்றை விவரமாக முகர வேண்டுமென்றால் மூக்கை அதில் ஒட்டினாற்போல் கொண்டு போகிறது. தொலைவில் வாசனை வருவது வேறு விஷயம், அது இருக்கு என்று மட்டும் சொல்லும்.

உள்ளே போன காற்று இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நுரையீரலுக்கு. எட்டில் ஒரு பங்கு மட்டும் மேல்பக்கமாக ஒரு தனி வழியில் ஓடி, மூக்கின் பின்கோடியில் இருக்கும் ஒரு சுருள்சுருளான அறைக்குப் போய்ச் சேர்கிறது. நமக்கு அப்படி ஒரு ஒதுக்கு அறை கிடையாது. அழகு என்னவென்றால், நாய் மூச்சை விடும்போது அந்த அறைக்குள் இருக்கும் காற்று வெளியேறுவதில்லை. மற்ற இடத்தில் எல்லாம் காற்று திரும்பிக்கொண்டிருக்க, அங்கே மட்டும் அசையாமல் நிற்கிறது. அடுத்த மோப்பம் வந்து அதன் மேல் சேர்கிறது, அதன் மேல் இன்னொன்று. அதோடு, ஈரச் சளிப்படலத்தில் எளிதாகக் கரையும் மூலக்கூறுகள் வழியில் முன்னாலேயே ஒட்டிக்கொள்கின்றன, கரையாதவை கடைசிவரை போகின்றன. பள்ளியில் வடிதாளில் ஒரு சொட்டு மையை வைத்துத் தண்ணீரில் நனைத்தால் நிறங்கள் பிரிந்து பிரிந்து ஏறுமே, அந்த வண்ணப்பிரிகைதான், தாளுக்குப் பதில் நாயின் மூக்கு. ஆக, ஒரு மோப்பம் என்பது வரிசையாகப் பிரித்து அடுக்கப்பட்ட பட்டியல்.

இது போதாது என்று இன்னொரு கருவியும் இருக்கிறது. மேல்வரிசை முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்துக்கு மேலே ஜேக்கப்சன் உறுப்பு என்று ஒரு ஜோடிக் குழாய், வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் திறந்திருக்கும். நாய் சிறுநீரை முகர்ந்துவிட்டு நாக்கை மேலண்ணத்தில் தட்டிக்கொண்டு, பல் லேசாகக் கிடுகிடுக்க நிற்பதைப் பார்த்திருக்கலாம். காற்றில் எளிதாகப் பறக்காத கனமான மூலக்கூறுகளை ஈரத்தோடு அந்தக் குழாய்க்குள் தள்ளுகிறது. இனப்பெருக்க நிலை பற்றிய சங்கதிகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகின்றன.

இப்போது லட்டுவிடம் வருவோம். ஒரு நாயின் விலாசம் இருப்பது வாலடியில். ஆசனவாய்க்கு இருபக்கமும் இரண்டு சுரப்பிப் பைகள், அதற்குள் பாக்டீரியாக்கள், அவை புளிக்க வைத்துக் கிளப்பும் கலவை நாய்க்கு நாய் வேறுபடும். மணி அதை முகர வேண்டும், கூடவே லட்டு பயத்தில் மல்லாந்து படுத்து இரண்டு சொட்டு மூத்திரம் விடுமே, அதையும். அந்தச் சொட்டில் பாலின ஹார்மோன்களின் அடையாளம் இன்னும் இல்லை. குட்டி என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி நாய் உலகத்தில் கிடையாது, அதனால் குட்டியைத் திட்டாதீர்கள், துடைத்துவிட்டுப் போங்கள்.

ஆனால் நீங்கள் செய்தது என்ன? குட்டியை வாசனை ஷாம்பூவில் கழுவினீர்கள். தரையை பினாயில் போட்டுத் துடைத்தீர்கள். திருஷ்டி கழிக்க மாமியார் கற்பூரம் ஏற்றி, சாம்பிராணியும் போட்டிருக்கிறார். அப்புறம் குட்டியின் பின்பக்கம் உங்கள் மார்பில் பதிந்திருக்க, முகத்தை மட்டும் மணியின் கண்ணுக்கு நேராக நீட்டினீர்கள். முன்பின் தெரியாத ஒரு ஜீவன், விலாசம் மறைக்கப்பட்டு, எஜமானியின் கையில் உயரமாக, நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு வருகிறது. நானாக இருந்தாலும் கட்டிலுக்கு அடியில்தான் போயிருப்பேன். திருஷ்டியை நம்புவது அவரவர் பாடு, எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை, நம்புகிறவர்களும் புகை போடும் வேலையை ஒரு வாரம் தள்ளி வைக்கலாம்.

இன்னொரு மூடநம்பிக்கை ஆங்கிலம் பேசிக்கொண்டு வருவதால் படித்தவர்கள் வீட்டிலும் உட்கார்ந்துவிட்டது. ஆல்ஃபா கதையின் மூலம், சுவிட்சர்லாந்தின் பேசல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதியது. அடைத்து வைத்தால் சண்டைதான் போடும். அந்தச் சொல்லைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை வருஷக்கணக்கில் பார்த்துவிட்டு, கூட்டம் என்பது அப்பா அம்மா பிள்ளைகள்தான், ஆல்ஃபா என்று சொல்வது பொருந்தாது என்று 1999இல் எழுதிவிட்டார். அது இந்தப் பயிற்சிப் பையன் காதுக்கு இன்னும் வரவில்லை. மணியை அடக்கப் போனால், குட்டி வந்ததிலிருந்து நமக்கு அடி விழுகிறது என்றுதான் மணி கற்றுக்கொள்ளும்.

சரி, இனி செய்ய வேண்டியது. குட்டியை ஒரு அறையில் வைத்து, அதைத் துடைத்த துணியை மணி படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள், மணியின் துணியைக் குட்டியிடம் போடுங்கள். மணி வந்து முகர்ந்துவிட்டு அலட்சியமாகத் திரும்பிப் போனால் நல்லது. அப்புறம் இருவருக்கும் பொதுவான ஒரு இடத்தில் சந்திக்க விடுங்கள். எல்லோரும் உடனே கப்பன் பார்க் என்பார்கள், வேண்டாம். தடுப்பூசி வரிசை பதினாறு வாரம் வரை போகும், குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மற்ற நாய் வராத மொட்டை மாடி போதும். குட்டியைத் தரையில் விடுங்கள். மணியின் கயிறு தளர்வாக இருக்கட்டும், ஏனென்றால் கயிறு இழுபட்டால் நெஞ்சு நிமிர்ந்து, நேராக மட்டுமே போக முடியும். நாய்கள் மரியாதையாகச் சந்திக்கும்போது வளைந்து வந்து பின்பக்கம் போகும், அதற்கு இடம் வேண்டும். மணி முகரும்போது கூப்பிடாதீர்கள், போட்டோவும் எடுக்காதீர்கள். மூக்கின் அந்தப் பின்கோடி அறை நிறைவதற்கு நேரம் பிடிக்கும்.

லட்டு துள்ளிப்போய் மணியின் வாயோரத்தை நக்கும். ஓநாய்க் குட்டிகள் தின்றுவிட்டு வந்த பெரியவற்றிடம் கக்கச் சொல்லிக் கேட்கும் பழக்கத்தின் மிச்சம் அது. அப்புறம் கடிக்கும், 28 பால்பற்கள், ஒவ்வொன்றும் ஊசி. மணி முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கடைசியில் உறுமும். உறுமலை அதட்டாதீர்கள். தாடையில் எவ்வளவு அழுத்தம் போடலாம் என்பதைக் குட்டி கற்பதே இப்படித்தான், மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டி மற்றவர்களோடு பழகக் கற்க நல்ல பருவம், இதை அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட்டும் ஃபுல்லரும் பல வருஷம் குட்டிகளை வளர்த்துப் பார்த்துச் சொன்னார்கள்.

நம் ஊர் ஆய்வு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. கொல்கத்தாவில் ஐசர் என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைத் தெருவிலேயே உட்கார்ந்து பார்க்கிறது. தன் தாயல்லாத இன்னொரு தாய்நாயிடம் பால் திருடும் குட்டிகள் உண்டு என்று அவர்கள் 2017இல் எழுதியிருந்தார்கள், தாங்கள் கவனித்த குட்டிகளில் 19 சதவீதம்தான் இனப்பெருக்க வயதை எட்டின என்பது அதற்கு முந்தைய வருஷத்துச் செய்தி. கோடிக்கணக்கில் தெருநாய் உள்ள நாட்டில் இப்படி ஆய்வகங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன என்பது எனக்கு எரிச்சல். தெருநாயைப் பற்றி நீதிமன்றத்தில் வாதாடவும் தொலைக்காட்சியில் கத்தவும் ஆள் இருக்கிறது, நாலு மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் உட்காரப் பணம் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

எவ்வளவு நாள் ஆகும் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். சில வீட்டில் சில நாள், சில வீட்டில் சில வாரம். அதுவரை சாப்பாட்டுத் தட்டுகளை வேறு வேறு அறையில் வையுங்கள், ஆளில்லாத நேரத்தில் இரண்டையும் சேர்த்து விடாதீர்கள், மணி ஒதுங்கிக்கொள்ளக் குட்டி ஏற முடியாத ஒரு இடம் கொடுங்கள். மணி உறுமாமலே பாய்ந்தால், அல்லது குட்டி அலறி விலகிய பிறகும் விடாமல் துரத்தினால் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். சோறு ஒரு நாளுக்கு மேல் இறங்கவில்லை என்றால் குட்டியைக் காரணம் சொல்லாமல் மணியின் பல்லையும் வயிற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். லட்டுவுக்கு ஆறு மாதம் நெருங்கும்போது அதன் மூத்திரத்தின் வாசனை மாறும், மணி அன்றுவரை கொடுத்த சலுகைகளில் சிலவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும், அதற்கும் பயப்பட வேண்டாம்.